பச்சை உடம்பு

ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய நாளிலிருந்து கந்தப்பனுக்கு எல்லாமே நாறியது. கட்டில் கயிறு நாறியது. நெய் நாறியது. மனைவி சௌந்திரம் தலைக்கு வைத்த எண்ணெய்கூட நாறியது. சேலத்தில் வயிற்றை அறுப்பதற்கு முன் மூக்கில் வைத்து அழுத்திய மயக்க மருந்துத் துணியின் வாடை உள்ளே எங்கேயோ தங்கிவிட்டது. மற்ற வாடைகளெல்லாம் அதன்மேல் படிந்துதான் வந்தன. முன்பு அவன் இப்படி இல்லை. கிணற்றுத் தண்ணீரில் ஊறிப் புளித்துக் கொழகொழத்துப் போன தண்ணீர் இறைக்கும் எருமைத்தோல் பறியைத் தோளில் சுமந்து போட்டுவிட்டு, அதே கையால் ராகிக் களியைப் பிட்டுத் தின்றவன்.

அவனுக்கு வந்தது குடலிறக்கம். அடிவயிற்றுச் சுவர் ஓரிடத்தில் நைந்துபோய் ஓட்டை விழும். கனம் தூக்கினாலும் குதித்தாலும் குடலின் ஒரு மடிப்பு அந்த ஓட்டை வழியே தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் போலப் பிதுங்கும். கையால் அமுக்கினால் புசுக்கென்று உள்ளே போய்விடும். கந்தப்பன் அதை அமுக்கி அமுக்கியே வருஷங்களை ஓட்டினான். ஐப்பசியில் ஒரு நாள் அமுக்கியும் அது உள்ளே போகவில்லை. பழம் கல்லாகிவிட்டது. வாந்தி எடுத்து, நாக்கு வறண்டு, வைக்கோல் பரப்பிய வண்டியில் சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அறுத்துத் தைத்து அனுப்பியபோது டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் திருப்பித் திருப்பிச் சொன்னார். தினமும் நடக்க வேண்டும். முதலில் கொஞ்சம், பிறகு நாளுக்கு நாள் கூட. எழுந்து நிற்கும்போதெல்லாம் இந்தப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். குதிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. படுத்தே கிடந்தால் சதை கூழாகிவிடும்.

வீட்டுக்காரர்கள் காதில் 'கூடாது' மட்டும்தான் விழுந்தது. அண்ணன் மனைவி உண்ணாமலைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"வவுத்தக் கிளிச்சா ஆம்பளையா இருந்தா என்ன, பொம்பளையா இருந்தா என்ன? பச்ச ஒடம்பு பச்ச ஒடம்புதான். காத்துப் படப்படாது. கால் தரையில படப்படாது."

ஆகவே கந்தப்பனைப் பிள்ளை பெற்றவளைப் போலவே வைத்துப் பார்த்தார்கள். காதில் பஞ்சு, தலையில் துணி. பச்சைத் தண்ணீர் கிடையாது. விடிந்தால் சுக்கும் மிளகும் திப்பிலியும் வெல்லமும் போட்டுக் கிண்டிய மருந்து உருண்டை. மத்தியானம் பூண்டு வதக்கிப் போட்ட சோறு. சாயங்காலம் வெள்ளாட்டு ஈரல் சாறு. சாற்றின் மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதக்கும். ஆறினால் உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதைக் குடித்து முடிக்கும்வரை உண்ணாமலை நகரமாட்டாள்.

"குடிச்சிருங்க கொளுந்தனாரே. குடிக்காட்டி ஊத்தி உட்ருவேன். பால் சொரக்காதுன்னு ஒண்ணும் பயமில்லீல்லோ?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் வாழைப்பழச் சீப்போடு வந்தார்கள். பழத்தைக் கொடுத்த கையோடு தையலைக் காட்டச் சொன்னார்கள். காட்டாமல் தீராது. வேட்டியை விலக்கினால் நாலு தலை குனியும். நாலு வாய்ப் புகையிலை வாடை வயிற்றின்மேல் இறங்கும்.

"பறிக்குப் போட்ட தையலாட்டவே இருக்குது பாரு."

"பறித் தையலு இன்னும் நேரா இருக்குமுங்கோ."

"ஒளுகுதா?"

ஒருவர் விரலால் தொட்டே பார்த்துவிட்டார். அவர் போனதும் கந்தப்பன் கட்டிலுக்கு வெளியே தலையைச் சாய்த்து ஈரல் சாறு முழுவதையும் வாந்தி எடுத்தான்.

அண்ணன் அப்புசாமி தினமும் வருவார். தோட்டத்திலிருந்து நேராக வந்து கட்டில் பக்கத்தில் நிற்பார், உட்காரமாட்டார். அவரோடு ஒரு வாடையும் வந்து நிற்கும். ஆமணக்குக் கொட்டமுத்து எண்ணெயைக் காய்ச்சிய வாடை. கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கவலையின் உருளை அச்சுக்கு அந்த எண்ணெயைத்தான் போடுவது வழக்கம். இரண்டு பேர் முறையையும் ஒருவரே இறைக்கிறார், உருளைக்கு எண்ணெய் போட்டு மாளவில்லை போலிருக்கிறது என்று கந்தப்பன் நினைத்துக்கொண்டான். மூச்சை அடக்கிக்கொண்டுதான் அவரோடு பேசுவான்.

"எந்திரிக்காதெ சாமி. வெசனப்படாதெ. உம் மொறையையும் நாந்தானே பாத்துக்கறேன்."

"உங்களுக்கும் எச்சு வேலைதானுங்கண்ணா."

"அது கெடக்குது. நீ படுத்துக்க."

தை பிறந்து கொஞ்ச நாளில், மிளகாய் பறித்துவிட்டு வந்த சௌந்திரம் கூடையைத் தொப்பென்று கட்டில் முன் வைத்தாள். கூடையின் அடி தெரிந்தது. இருந்த பழங்களும் சுருங்கி வெம்பி இருந்தன.

"ஏனுங்க, பாத்துக்கங்க. நம்ம காட்டுல கெடைச்சது இத்தனைதான். வரப்புக்கு அக்கட்ட உங்கண்ணன் காடு பச்சப் பசேல்னு நிக்குது. ஒரே கெணறு, ஒரே தண்ணி. நம்ம பாத்தி மட்டும் வெடிச்சுக் கெடக்குது."

"அண்ணன் நம்ம மொறையையும் இறைக்கறேன்னாரே?"

"இறைக்கறாருங்க. ஆரு காட்டுக்குங்கறதுதான் கேள்வி. மாசிப் பட்டத்துக்கு ராகி நாத்தாங்கால் நனைக்கற நாள் வருது. அன்னிக்கும் நீங்க இந்தக் கட்டல்லயே கெடந்து ஈரல் சாறு குடிச்சிட்டிருங்க. அப்பறம் பட்டம் பூரா நாம வானத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கலாம்."

அவள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. அந்தக் கிணற்றில் மூன்று பங்கு: அப்புசாமிக்கு ஒன்று, கந்தப்பனுக்கு ஒன்று, சித்தப்பா அர்த்தநாரிக்கு ஒன்று. பாட்டன் காலத்தில் ஒரு பங்காளி தன் தண்ணீர் முறையை வெளியாளுக்கு விட்டுவிட, பெரிய சண்டையாகிவிட்டது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தார்கள். பட்டம் தொடங்கும் நாளில் பங்குக்காரன் தானே கவலை ஓட்டி முதல் பறித் தண்ணீரை இறைக்க வேண்டும். அதன்பின் ஆள் வைத்து இறைத்துக்கொள்ளலாம். முதல் பறிக்கு அவன் வராவிட்டால் அவன் முறை அந்தப் பட்டம் முழுக்க மற்றவர்களுக்கு. அழுதாலும் கிடையாது. மேட்டூரில் அணை கட்டியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் இந்த மேட்டுக்காட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவர்களுக்குக் கிணறுதான்.

மறுநாள் விடியற்காலையில், உண்ணாமலை மருந்து உருண்டையோடு வருமுன், கந்தப்பன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தான். பட்டையைக் கட்டினான். தடித்த துணியும் தோலும் சேர்த்துத் தைத்த பட்டை அது. தையலுக்கு நேராக ஒரு மெத்தை இருக்கும். ஆஸ்பத்திரியில் குடித்த வேர்வையோடு மாதக்கணக்கில் மூலையில் கிடந்ததால் செத்த எலி மாதிரி நாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மாடு கட்டும் கட்டுத்தரை வரைக்கும் போனான். அவ்வளவுதான். மாட்டு மூத்திர வாடை மூக்கில் ஏறியதும் கண் இருண்டு, சாணத்தின் பக்கத்திலேயே குந்திவிட்டான்.

குந்தியபோது தன் கால்களைப் பார்த்தான். கெண்டைச் சதை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் வயிறு மட்டும் நெய்யிலும் ஈரலிலும் பளபளவென்று தளர்ந்து தொங்கியது. சீ என்றிருந்தது. தன் உடம்பையே யாரோ எச்சில் பண்ணி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

சௌந்திரம் பால் சொம்போடு வந்து பார்த்தாள்.

"விளுந்துட்டீங்களா, உக்காந்துட்டீங்களா?"

"உக்காந்துட்டேன்."

"அப்பச் சேரி. நாளைக்கு அந்தக் கல்லு வரைக்கும் போய் உக்காருங்க."

அவள் கை கொடுத்துத் தூக்கவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நாள் கல் வரைக்கும் போனான். பிறகு வேப்பமரம் வரைக்கும், பிறகு கிணறு வரைக்கும். ஈரல் சாற்றைச் சௌந்திரம் வாங்கி, உண்ணாமலை திரும்பியதும் நாய்க்கு ஊற்றினாள். நாய் மினுமினுத்தது. கந்தப்பன் கம்பங்கூழும் மோரும் குடித்தான். மோர் இன்னும் நாறியது. ஆனால் வயிற்றில் தங்கியது.

இனிக் கவலையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கிணற்று வாயிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து போகும் மண்பாதைக்கு வாரி என்று பெயர். மாடுகள் வாரியில் இறங்கினால் வடக்கயிறு உருளைமேல் ஓடிப் பறியை மேலே தூக்கும். பறியின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல்வால் உண்டு. அதற்குத் தனியே ஒரு சின்னக் கயிறு. பறி மேலே வரும்வரை அந்த வால் மடங்கிப் பறியின் வாயோடு சேர்ந்து நிற்கும். அதனால் ஒரு சொட்டும் சிந்தாது. பறி மேலே வந்ததும் பெரிய கயிறு அதை இன்னும் தூக்கும். சின்னக் கயிறோ வாலைத் தொட்டிப் பக்கம் இழுக்கும். வால் நிமிர்ந்து தண்ணீர் தானாகவே குடுகுடுவென்று தொட்டியில் கொட்டிவிடும். மேலே நின்று ஊற்ற இன்னொரு ஆள் தேவையில்லை. யார் யோசித்தார்களோ, அத்தனை அழகான ஏற்பாடு.

மனிதனுக்குக் கஷ்டம் வருவது மாட்டின் பின்னால். மாடு இறங்கத் தொடங்கியதும் ஓட்டுகிறவன் தாவி வடக்கயிற்றின்மேல் உட்காருவான். அவன் கனமும் சேர்ந்து பறி சுலபமாக ஏறும். வாரியின் அடியில் கயிறு தளர்வதற்குள் குதித்துவிட வேண்டும். பிறகு மாடுகளைப் பின்னடையாக மேட்டில் ஏற்ற வேண்டும். மறுபடி தாவல், மறுபடி குதிப்பு. பொழுது சாயும்வரை இதேதான். கந்தப்பனின் அடிவயிற்றுச் சுவரை நைய வைத்தது அந்தக் குதிப்புதான்.

அதை அவன் கட்டிலில் கிடந்தே யோசித்து வைத்திருந்தான். குதிக்காமல் இறைக்க முடியுமா? அண்ணன் கிணற்றுக்கு வராத காலைகளில் முதலில் மாடில்லாமல் வாரியில் இறங்கிப் பின்னடையாக ஏறிப் பார்த்தான். தொடை வெடவெடவென்று ஆடியது. மூச்சை அடக்கினால் தையல் சுரீரென்று இழுக்கும், ஊதிவிட்டால் இழுப்பதில்லை என்று கண்டுகொண்டான். பிறகு தன் மாடுகள் மயிலையையும் செவலையையும் பூட்டி, பறி இல்லாமல் வெறும் கயிற்றோடு நடத்தினான். பிறகு பறியையும் கட்டினான். தண்ணீரில் விழுந்த பறியின் வால்கயிற்றைச் சுண்டிவிட்டால்தான் அது சாய்ந்து முழுக்க நிறையும். சுண்டாவிட்டால் அரைப் பறிதான். அந்த அரைப் பறியை, கயிற்றில் உட்காராமல் மாட்டுக்குப் பக்கத்தில் நடந்தே இறைத்தான். சௌந்திரம் வாய்க்காலில் நின்று அந்தத் தண்ணீரை வெடித்த பாத்திகளுக்குத் திருப்பினாள்.

"பூனை மோண்ட மாதிரி வருதுங்க," என்றாள்.

"வருதில்ல?"

"வருது, வருது."

பறி மேலே வரும்போதெல்லாம் அழுகிய தோல் வாடை முகத்தில் அடித்தது. குமட்டலை அடக்கி எச்சிலைத் துப்பிக்கொண்டே நடந்தான். உருளை கிறீச் கிறீச்சென்று காது கூசக் கத்தியது. இத்தனை எண்ணெய் வாடையோடு வருகிற மனிதர் உருளைக்கு ஒரு சொட்டு விடவில்லையே என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அண்ணன் வந்துவிட்டார். வாரியின் தலையில் நின்று கத்தினார்.

"டேய்! ஆரக் கேட்டு மாடு பூட்டுனே? செத்துப் போகோணும்னு இருக்குதா?"

"நடக்கச் சொல்லித்தானுங்க டாக்டர் சொன்னாரு."

"டாக்டரு கவலை ஓட்டியிருக்காரா? மாட்ட அவுறு. போய்ப் படு."

"படுத்துக் கெடந்தா முதப் பறிக்கு ஆருங்கண்ணா வருவா?"

அப்புசாமியின் முகம் வாடியது. "வராட்டி என்ன? ஒரு பட்டம் நான் இறைச்சுக்கறேன். உனக்கு ராகி குடுக்க மாட்டனா?"

வாய்க்காலிலிருந்து சௌந்திரம் நிமிர்ந்தாள். "குடுப்பீங்க மாமா. மொளகாய்க்குக் குடுத்தீங்களே தண்ணி, அந்த மாதிரித்தானே?"

அப்புசாமி காறித் துப்பிவிட்டுப் போனார். கொட்டமுத்து எண்ணெய் வாடை வாரியில் அப்படியே நின்றது. கந்தப்பனுக்கு, அவர் 'படுத்துக்க சாமி' என்று கொஞ்சிய ஒவ்வொரு சொல்லிலும் இப்போது ஈரல் சாற்றின் கொழுப்பு மிதந்தது.

நாற்றங்கால் நனைக்கும் நாள் வந்தது. கிணற்று மேட்டில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகி, வாழைப்பழம் வைத்துச் சூடம் காட்டினார்கள். கிழட்டு வயதிலும் சித்தப்பா அர்த்தநாரி முதலில் இறங்கினார். தாவி ஏறி, இறைத்து, குதித்து, மீசையைத் தடவிக்கொண்டு மேலே வந்தார்.

"ம்... அடுத்து யாருடா?"

அப்புசாமி போனார். மாடுகளைத் தட்டினார். உருளை கிறீச்சிட்டது. வடத்தின்மேல் ஏறுவதற்குமுன் அவர் ஒரு கணம் தயங்கியதைக் கந்தப்பன் பார்த்தான். ஏறினார். பறி நிரம்பி வந்து தொட்டியில் கொட்டியது. வாரியின் அடியில் குதித்தார். குதித்த அதே நொடியில் அவர் வலது கை வேட்டியின் மடிப்புக்குள் போய்த் தொடையிடுக்கை அழுத்தியது. விரல்கள் ஒருமுறை திருகின. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கை வெளியே வந்துவிட்டது.

வேறு யாருக்கும் அது தெரியவில்லை. ஆனால் வருஷக்கணக்காக அதே கையை அதே இடத்தில் வைத்தவனுக்குத் தெரியாமல் போகுமா? குடலிறக்கத்துக்குக் கொட்டமுத்து இலையை எண்ணெயில் வதக்கி இடுக்கில் வைத்துக் கட்டுவார்கள். உருளைக்குப் போகாத எண்ணெய் எங்கே போயிற்று என்று கந்தப்பனுக்கு அப்போது விளங்கியது. இரண்டு பேர் குதிப்பையும் ஒருவர் குதித்திருக்கிறார்.

முதலில் அவனுக்கு வந்தது இரக்கம் இல்லை. 'இப்போது சொல்லிவிடலாம்' என்ற நினைப்புத்தான் வந்தது. அது நாக்கில் வெல்லம் மாதிரி இனித்தது. இனித்த மறுகணமே அவனுக்குத் தன்மேலேயே குமட்டியது.

"கந்தா, எறங்கு," என்றார் சித்தப்பா.

கந்தப்பன் மயிலைக்குப் பக்கத்தில் போய் நின்றான். "நான் வடத்துல ஏற மாட்டனுங்க சித்தப்பா. நடந்துதான் இறைப்பேன்."

"அதெப்படி? வடத்துல ஏறாத முதப் பறியா? நேத்துக்கூட உங்கண்ணன் சொல்லிட்டுப் போனான், ஏறாட்டி மொறை இல்லைன்னு. டேய் அப்புசாமி, சொன்னியா இல்லியா?"

எல்லோரும் அப்புசாமியைப் பார்த்தார்கள். கந்தப்பன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைத்தான் பார்த்தான். அவன் பார்வை நின்ற இடத்தை அப்புசாமி கண்டுகொண்டார். அந்தக் கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"சொன்னேன்," என்றார் அப்புசாமி. குரல் கம்மியிருந்தது. "இப்ப மாத்திச் சொல்றேன். பங்குக்காரன் கையால தண்ணி வரோணும். அதுதான் வளக்கம். ஏறினா என்ன, நடந்தா என்ன?"

"அடேங்கப்பா, ஒரு ராத்திரியில புத்தி மாறிப்போச்சு! சேரி, நடந்தே இறைக்கட்டும். ஆனா பறி நெம்போணும். அரைப் பறிய நான் ஒத்துக்க மாட்டேன்."

நடந்து முழுப் பறியை அவன் இதுவரை இறைத்ததில்லை. சௌந்திரம் வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். பறி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் கந்தப்பன் மூச்சை ஊதிவிட்டுக்கொண்டே, வயிற்றை அசைக்காமல் தோளால் மட்டும் வால்கயிற்றைச் சுண்டினான். பறி சாய்ந்து 'கொளக்' என்று குடித்தது.

"ஹை... வாடா மயிலே, வாடா."

மாடுகள் இறங்கின. பாதி வாரியில் நின்றுவிட்டன. பின்னால் கயிற்றில் ஆள் கனம் இல்லை. முழுப் பறியும் அவற்றின் கழுத்தில். வடம் விறைத்து முறுக்கேறி நின்றது. பழக்கத்தில் கந்தப்பனின் கால் தாவத் துடித்தது. ஒரே தாவல் போதும், பறி மேலே வந்துவிடும். அவன் இரண்டு கையாலும் நுகத்தடியைப் பற்றிக்கொண்டு தன் காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டான். தோல் வாடையும் மாட்டு வேர்வையும் பட்டையின் நாற்றமும் ஒன்றாகத் தொண்டையில் ஏறின. துப்பினான். செவலையின் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

"ஒண்ணும் அவசரமில்ல. நின்னு வா சாமி, நின்னு வா."

மாடுகள் ஒருமுறை பெருமூச்சு விட்டன. குளம்பை அழுத்தி ஓர் அடி வைத்தன. இன்னும் ஓர் அடி. மேலே உருளை கதறியது. அதன்பின் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது, நெடுநேரம், நிற்காமல். தையல் இருந்த இடத்தைக் கந்தப்பன் விரலால் தொட்டுப் பார்த்தான். எதுவும் பிதுங்கவில்லை.

"நெம்பித்தானுங்க மாமா வந்துது! வந்து பாருங்க!" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினாள் சௌந்திரம். தண்ணீர் அதற்குள் அவர்கள் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா பழத்தை உரித்துத் தின்றுவிட்டுக் கிளம்பினார். அப்புசாமி வாரியின் அடியிலேயே, கல்லின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கந்தப்பன் மாடுகளை அவிழ்த்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"எத்தன நாளாச்சுங்கண்ணா?"

"கார்த்திகையிலிருந்து." அவர் தலையைத் தூக்கவில்லை. "தண்ணிய எச்சாத்தான் எடுத்துக்கிட்டேன். இத்தன குதிக்கறமே, எடுத்தா என்னன்னு தோணுச்சு."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லக் கந்தப்பனுக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். வேட்டிக்குள் கைவிட்டுப் பட்டையின் முடிச்சை அவிழ்த்தான். வேர்வையில் ஊறி அவன் உடம்புச் சூட்டோடு வெதுவெதுப்பாக வந்தது.

"நாளைக்கு வண்டி பூட்டறேன். சேலத்துக்குப் போலாம். அதுவரைக்கும் இதக் கட்டுங்க. எனக்கு இன்னைக்கு இனி வேலை இல்லை."

அவன் மண்டியிட்டு, அண்ணனின் வேட்டியை விலக்கி, வதங்கிய கொட்டமுத்து இலைகளை எடுத்தெறிந்துவிட்டுப் பட்டையைச் சுற்றினான். அந்த வாடை மேலே எழுந்ததும் அப்புசாமி முகத்தைச் சுளித்து அப்புறம் திருப்பிக்கொண்டார்.

"நாறுதுடா."

"நாறுமுங்கண்ணா," என்றான் கந்தப்பன். முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.